திருத்தத் திருத்தத்தான் பாணி: இலஸ்ட்ரேஷன் படிப்பவர்களுக்கு

கவின்கலைக் கல்லூரியோ விஸ்காமோ (விஷுவல் கம்யூனிகேஷன்), இரண்டாம் ஆண்டு முடிகிற சமயத்தில் மாணவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எனக்குன்னு ஒரு ஸ்டைல் இன்னும் அமையலையே, என்ன செய்யறது?" கையில் இருக்கிற ஐந்து படங்களிலும் பின்ட்ரெஸ்டில் பார்த்த ஐந்து பேருடைய சாயல் இருக்கும். அதில் மூன்று பாதியில் நிற்கும்.

பாணியைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, அந்தப் பாதிப் படங்களை முடியுங்கள் என்பதுதான் என் பதில். படம் போடும்போது ஒருவர் திரும்பத் திரும்ப எடுக்கிற முடிவுகளைத்தான் நாம் வெளியிலிருந்து பார்த்துப் பாணி என்கிறோம். எதை விடுவது, எங்கே கறுப்பு வைப்பது, முகத்துக்கு எத்தனை கோடு என்பவை போன்ற முடிவுகள் பெரும்பாலும் திருத்துகிற கட்டத்தில்தான் வருகின்றன. பாதியில் விடுகிறவர் அந்தக் கட்டத்துக்கே போவதில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து அச்சு வரைக்கும் கொண்டுபோகிற வழியைச் சொல்கிறேன். பாணியைப் பற்றி நடுவில் பேசலாம்.

இருப்பதைப் பரப்பிப் பாருங்கள்

புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன், இதுவரை வரைந்தவற்றைத் தரையில் பரப்புங்கள். ஸ்கெட்ச் புத்தகம், அசைன்மென்ட், வகுப்பில் சலித்துப்போய் நோட்டு ஓரத்தில் கிறுக்கியது என எல்லாமே வேண்டும். டேப்லெட்டில் இருப்பவற்றைச் சின்னதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். எது நல்ல படம் என்று இப்போது பார்க்க வேண்டாம். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களையே அதிகம் வரைந்திருக்கலாம். எல்லாப் படத்திலும் பார்வை மேலிருந்து கீழே இறங்கலாம். ஒருவர் நிழலைக் குறுக்குக் கோடுகளால் போடுவார், இன்னொருவர் மொத்தமாக மையை ஊற்றிவிடுவார். நீங்கள் கவனிக்காமலே செய்கிற இந்தக் காரியங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நோட்டு ஓரக் கிறுக்கல்களுக்கு இதில் மதிப்பு அதிகம், ஏனென்றால் அவற்றை யாருக்கும் காட்டுவதற்காக நீங்கள் வரையவில்லை.

கதையோடு ஒரு வேலை எடுங்கள்

'ஏதாவது வரையலாம்' என்று உட்கார்ந்தால் பழகிய முகம்தான் வரும். ஒரு சிறுகதைக்கு ஒரு வார இதழ் படம் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அரைப்பக்கம், கறுப்பு வெள்ளையோடு ஒரே ஒரு நிறம், ஒரு வாரக் கெடு. அளவும் கெடுவும் இல்லாத வேலை திருத்தத்துக்கு வந்து சேராது.

எடுத்துக்காட்டுக்கு இப்படி ஒரு கதை: கடைசி பஸ் போன பிறகும் ஒரு கிழவி முறுக்குக் கூடையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வரவில்லை. டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்கப்போகிறார்.

முதல் வேலை பென்சிலுக்கு இல்லை. கதையை மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை சும்மா. அடுத்த தடவை, கண்ணால் பார்க்கக்கூடியது எதுவோ அதற்குக் கீழே கோடு போடுங்கள்: கூடை, ஷட்டர், ஈரத் தரை. மூன்றாம் தடவை, எந்த நொடியை வரைவது என்று முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் கிழவி அழுகிற இடத்தை வரையத்தான் கை போகும். அந்த நொடியை எழுத்தாளர் ஏற்கெனவே எழுதிவிட்டார், படமும் அதையே சொன்னால் வாசகருக்கு ஒன்றை இரண்டு தடவை சொன்னதாகும். அதற்குக் கொஞ்சம் முன்னால் போங்கள். டீக்கடைக்காரர் ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்துவிட்டு, கிழவியைப் பார்த்துத் தயங்குகிற நொடி கதையைக் கெடுக்காமல் படிக்கத் தூண்டும். முடிவு தெரிந்துவிட்ட படத்தைப் பார்த்து யாரும் கதைக்குள் நுழைவதில்லை.

தீப்பெட்டி அளவில் இருபது

இந்தக் கட்டத்தை மாணவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். பிறகு படம் சரியாக வரவில்லை என்று புலம்புவதில் பாதிக்கு இதுதான் காரணம்.

தீப்பெட்டி அளவில் கட்டங்கள் போட்டு இருபது தம்ப்நெயில், அதாவது சின்னச் சின்ன முன்வரைவுகள், வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு நிமிடம் போதும். மூக்கு, கண் எதுவும் வேண்டாம், உருவம் ஒரு கறுப்புத் திட்டாக இருக்கட்டும். அளவு சின்னதாக இருப்பதால் விவரம் போட முடியாது, எங்கே யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் யோசிக்க முடியும். அதற்காகத்தான் இந்த அளவு.

முதல் ஐந்தாறு எல்லோருக்கும் வருகிறவையாக இருக்கும்: கிழவி நடுவில், நேர் பார்வை, பின்னால் பஸ் ஸ்டாண்டு. பத்தைத் தாண்டும்போது கை சலித்துப்போய் வேறு எதையாவது முயன்று பார்க்கும். கூடை முன்னால் பெரிதாக, கிழவி தூரத்தில் சின்னதாக. ஷட்டருக்குள்ளிருந்து பார்க்கிற பார்வை. ஈரத் தரையில் தெரிகிற பிரதிபலிப்பு மட்டும். இருபதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, கூடப் படிக்கிறவரிடம் கதையைச் சொல்லாமல் காட்டி, "இங்கே என்ன நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கா என்று கேட்டால் யாரும் நல்லா இல்லை என்று சொல்லப்போவதில்லை.

எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்களா என்பதையும் இங்கேயே பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கதைத் தலைப்பு இரண்டு வரி ஓடும், அதன் கீழே எழுத்தாளர் பெயர் வரும். படத்தை முடித்த பிறகு லே-அவுட் செய்கிறவர் கிழவியின் தலைமேல் தலைப்பைக் கொண்டுவந்து வைத்தால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

போய்ப் பாருங்கள்

கூகுளில் பஸ் ஸ்டாண்டு என்று தேடினால் யாரோ எடுத்த பகல் நேரப் புகைப்படம் வரும். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு ராத்திரி பத்தரை மணிக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். ட்யூப்லைட் எந்தப் பக்கம் இருக்கிறது, நிழல் எங்கே விழுகிறது, முறுக்கு விற்கிறவர் கூடையை மடியில் வைக்கிறாரா தரையில் வைக்கிறாரா, கூடையின் மேல் போட்டிருப்பது துணியா பாலித்தீன் தாளா, சில்லறையை எங்கே முடிந்து வைத்திருக்கிறார்? இதில் இரண்டு விவரம் சரியாக விழுந்தாலே வாசகர் முழுப் படத்தையும் நம்பிவிடுவார். முகம் தெரிகிற மாதிரி ஒருவரைப் படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். இரண்டு முறுக்கு வாங்கிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

நேரில் போய்ப் பார்த்து வரைவதில் தமிழ்ப் பத்திரிகை ஓவியத்துக்குப் பெரிய மரபே இருக்கிறது. ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் முன்னால் உட்கார்ந்து வரைந்த படங்களை ஆனந்த விகடன் பல ஆண்டுகள் தொடர்ந்து வெளியிட்டது. அவருடைய கோட்டில் கல்லின் கனம் தெரியும். எந்த மூலையில் கல் தேய்ந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும். புகைப்படத்தை மட்டும் பார்த்து வரைகிறவருக்கு அந்தத் தேய்மானம் கண்ணில் படுவது கஷ்டம்.

மூன்று சாயல்

தேர்ந்தெடுத்த தம்ப்நெயிலைக் கொஞ்சம் பெரிதாக்கி, கறுப்பு, நடுச்சாம்பல், வெள்ளை என மூன்றே சாயலில், அதாவது மூன்றே வெளிச்ச அளவில், ஒரு தடவை போடுங்கள். நிறத்தை இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். மூன்று சாயலில் புரியாத படம் முப்பது நிறத்திலும் புரியாது. நம் கதையில் வெளிச்சம் டீக்கடையிலிருந்து மட்டும் வருகிறது என்று முடிவு செய்தால் ஷட்டர் இறங்க இறங்க அந்த வெளிச்சமும் போய்விடும். சாயலே கதை சொல்லத் தொடங்கிவிடும்.

திருத்துவது

வரைந்து முடித்ததாக நினைக்கும்போது படத்தை ஒரு ராத்திரி கண்ணில் படாமல் வையுங்கள். மறுநாள் எடுத்ததும் ரப்பரைத் தொடாமல் சில சோதனைகள் செய்யுங்கள். படத்தைக் கண்ணாடியில் காட்டுங்கள், அல்லது தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். டேப்லெட்டில் இருந்தால் இடவலமாகத் திருப்பினால் போதும். ஒரு கண் மேலே ஏறியிருப்பது, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது எல்லாம் உடனே தெரியும். பிறகு கண்ணை இடுக்கிப் பாருங்கள்: முதலில் கண் போகிற இடம் நீங்கள் நினைத்த இடம்தானா? கடைசியாகப் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். இன்று பெரும்பாலானவர்கள் உங்கள் படத்தை முதலில் போனில் அந்த அளவில்தான் பார்க்கப்போகிறார்கள்.

இதில் வருகிற குறைகளை நேரடியாகப் படத்தின் மேல் சரிசெய்யாதீர்கள். மேலே ஒரு டிரேசிங் தாளைப் போட்டு அல்லது புதிய லேயரைத் திறந்து, திருத்தத்தை அதில் வரையுங்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எது மேல் என்று சொல்ல முடியும். சில சமயம் பழையதே மேலாக இருக்கும். தம்ப்நெயிலில் இருந்த உயிர் பெரிய படத்தில் செத்துப்போவது அடிக்கடி நடக்கிற விஷயம். அப்போது தம்ப்நெயிலை ஜெராக்ஸில் பெரிதாக்கி, அதன் மேலேயே டிரேஸ் செய்து மறுபடி வரையுங்கள். அவசரக் கோட்டில் இருந்த சாய்வு சுத்தப்படுத்தும்போது நேராகிவிட்டிருக்கும், அதைத்தான் மீட்க வேண்டும்.

எதைத் திருத்துவது என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உருவங்கள் இருக்கிற இடம், அப்புறம் சாயல், அப்புறம் உடல் நிலை, அதற்கும் பிறகு கை, முகம், கடைசியில் கோட்டின் அழகு. மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குக் கண் இமை வரைந்துகொண்டிருப்பார்கள். கைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கையை முந்தானைக்குள்ளும் பாக்கெட்டுக்குள்ளும் ஒளித்து வைக்கிற பழக்கம் இருந்தால் இந்தப் படத்திலேயே அதை விட்டுவிடுங்கள். கிழவியின் கை கூடையை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதில் பாதிக் கதை இருக்கிறது.

ஆசிரியர் சொல்கிற திருத்தத்தை அவர் சொன்ன வார்த்தையில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "பின்னணியை எடுத்துடு" என்கிறவருக்கு உண்மையில் உறுத்துவது பின்னணியும் கிழவியும் ஒரே சாயலில் கலந்திருப்பதாக இருக்கலாம். அவருக்கு உறுத்தியது நிஜம், அவர் சொன்ன மருந்து வேறாக இருக்கலாம். எங்கே உறுத்துகிறது என்பதை எடுத்துக்கொண்டு, தீர்வை நீங்கள் தேடுங்கள்.

எப்போது நிறுத்துவது? புதிய திருத்தம் படத்தை மேம்படுத்தாமல் வேறாக மட்டும் மாற்றுகிறது என்று தோன்றும்போது. கெடு வந்துவிட்டால் அதற்கு முன்னாலேயே.

இப்போது பாணி

கறுப்பு வெள்ளைக் கோட்டு ஓவியத்தைப் பழைய தமிழ் இதழ்களிலிருந்து கற்றுக்கொள்வது போல வேறெங்கும் கற்க முடியாது என்று நினைக்கிறேன். கொஞ்சம் ஊர்ப் பாசமும் இருக்கலாம். பழைய புத்தகக் கடையில் தேடினால் பைண்டு செய்த தொடர்கதைத் தொகுப்புகள் கிடைக்கும். படத்தோடு கிழித்து எடுத்துத் தைத்தவை. படம் போட்டவர் மணியம், கோபுலு, ஜெயராஜ், மாருதி என்று கையெழுத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுகிற வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இவர்களைப் பார்த்து வரையுங்கள். ஆனால் முகத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள். ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் எந்த முடிவை எடுத்தார் என்று கேட்டுக்கொண்டே வரையுங்கள். கோபுலுவின் கூட்டக் காட்சியில் ஒவ்வொருவரும் தன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரும் இடத்தை நிரப்ப வந்தவர்கள் இல்லை. வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களை அவர் போட்டிருக்கிறார். உடம்பின் நிலையை வைத்தே சிரிக்க வைப்பது எப்படி என்று அதில் படிக்கலாம். ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டில் வெளி எல்லையைத் தேடினால் கிடைக்காது. கோடுகள் பின்னிக்கொண்டு உள்ளிருந்து உருவத்தைத் தள்ளும். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டு எழுத்துக்கு அவர் வரைந்தவற்றைப் பாருங்கள். கோட்டின் வறட்சி மண்ணோடு பொருந்துகிறது. நகல் எடுத்த மறுநாள், அவர் எடுத்த அதே முடிவை வைத்து உங்கள் கிழவியை வரையுங்கள். ஒட்டினால் வைத்துக்கொள்ளலாம், ஒட்டாவிட்டால் அடுத்தவரிடம் போகலாம்.

கோபுலுவுக்குப் பக்கவாதத்தில் வலது கை செயலிழந்தபோது அவர் இடது கையால் பழகி வரைந்தார். பாணி மணிக்கட்டில் இருக்கிறதா என்ற விவாதம் வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். கோடு தடுமாறலாம். எதை வரைய வேண்டும் என்று தெரிந்த கண் அப்படியேதான் இருக்கிறது.

நடைமுறையில் செய்யக்கூடியது: மூன்று மாதத்துக்குக் கருவிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிப் அல்லது ஒரு பிரஷ், இந்தியன் இங்க், கார்ட்ரிட்ஜ் தாள், ஒரே ஒரு நிறம். டிஜிட்டல் என்றால் புரோகிரியேட்டிலோ இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவிலோ இரண்டே பிரஷ்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கண்ணில் படாமல் தள்ளி வையுங்கள். ஆயிரம் பிரஷ் பொதியை இறக்கி வைத்திருக்கிறவர்கள் பிரஷ் மாற்றியே பொழுதைக் கழிக்கிறார்கள். கருவி குறைந்தால் ஒவ்வொரு சிக்கலையும் அதே கருவியால் தீர்த்தாக வேண்டும். ஈரத் தரையை நிப்பால் எப்படிக் காட்டுவது? நீங்கள் கண்டுபிடிக்கிற வழி அடுத்த படத்திலும் வரும். நாலாவது படத்தில் பார்க்கிறவர்கள் அதை உங்கள் பாணி என்று சொல்லத் தொடங்குவார்கள்.

ஒரு எச்சரிக்கை. தமிழ் அடையாளம் வேண்டும் என்று கோலத்தையும் ஐயனார் குதிரையையும் கொண்டுவந்து மூலையில் ஒட்டுவது இப்போது நிறையப் பார்க்கிறேன். அது அலங்காரம். தோல்பாவையிடமிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமென்றால், பக்கவாட்டு முகம், மூட்டு மூட்டாகப் பிரிந்த கை, துளை வழியே வருகிற வெளிச்சம் ஆகியவை ஏன் அப்படி இருக்கின்றன என்று பாருங்கள். திரைக்குப் பின்னாலிருந்து விளக்கு வைத்து ஆட்டுவதற்காகச் செய்தது அது. நம் கதையிலும் இருட்டில் ஒரே விளக்குதானே? அந்தக் காரணம் உங்கள் படத்திலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போகும்போது

அச்சிடும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வையுங்கள். சாம்பலே இல்லாத சுத்தக் கோட்டுப் படமென்றால் 600க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். பக்க விளிம்பு வரை ஓடுகிற படத்துக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரைந்திருக்க வேண்டும், வெட்டும்போது அது போய்விடும். இரண்டு பக்கம் விரிகிற படத்தில் நடு மடிப்பில் முகம் வரக் கூடாது. திரையில் பளிச்சென்று தெரிகிற பச்சையும் நீலமும் அச்சகத்தின் நான்கு நிற (சிஎம்ஒய்கே) மையில் மங்கிவிடும், அதனால் சின்ன அச்சுப்படி ஒன்று எடுத்துப் பார்த்துவிடுங்கள். மட்டமான தாளில் மை பரவும். மெல்லிய குறுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்பாகிவிடும், கோடுகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள்.

குழந்தைகள் படப் புத்தகம் செய்ய ஆசை இருந்தால் பக்க எண்ணிக்கையை 24 அல்லது 32 என்று வைத்துத் திட்டமிடுங்கள். அச்சில் தாள் மடிகிற கணக்கு அது. எழுத்தைப் படத்தோடு சேர்த்து வரைந்துவிடாமல் தனி லேயரில் கறுப்பில் வையுங்கள். ஒரே புத்தகத்தைப் பல மொழிகளில் கொண்டுவருகிற பதிப்பகங்கள் நிறப் பிளேட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றி அச்சிடலாம். இது தெரிந்த மாணவருக்கு ஆர்ட் டைரக்டரிடம் தனி மரியாதை.

காட்டுவதும் கொடுப்பதும்

போர்ட்ஃபோலியோவில் பத்துப் பன்னிரண்டு படம் போதும். சுமாரான படத்தைச் சேர்த்தால் மற்றவற்றையும் அது கீழே இழுக்கும். ஒரு வேலையையாவது தம்ப்நெயிலிலிருந்து கடைசிப் படம் வரை முழுதாகக் காட்டுங்கள். திருத்தம் சொன்னால் வேலை செய்வாரா என்பதுதான் வேலை கொடுப்பவரின் முதல் கவலை. கிழவி எங்கிருந்து எங்கே நகர்ந்தாள் என்பதைப் பார்த்தால் அது புரிந்துவிடும். பிடிஎஃப் பத்து எம்பிக்குள் இருக்கட்டும், கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். 'ஃபைனல்_ஃபைனல்_2' என்று அனுப்பாதீர்கள்.

முதல் காசு வேலை வரும்போது உரிமையைப் பற்றி எழுத்தில் பேசிவிடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். உங்களிடம் இருக்கிற உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். உரிமையைக் கொடுத்த பிறகும், வரைந்தது நான் என்று சொல்லிக்கொள்கிற உரிமை உங்களிடமே இருக்கும். ஆகவே மின்னஞ்சலிலாவது இதைக் கேட்டு வாங்குங்கள்: படம் எந்த இதழுக்கு, எத்தனை தடவை வெளியிட, மறுபடி பயன்படுத்தினால் எவ்வளவு, பெயர் எங்கே வரும், எத்தனை தடவை திருத்தம் கேட்கலாம். திருத்தம் இரண்டு சுற்று என்று எழுதிவிடுங்கள், மூன்றாவது சுற்றுக்குத் தனிக் கட்டணம்.